பசித்தது, சாப்பிட வந்துவிட்டேன்

சென்ற ஆண்டு மாசி மாதம் என் அக்காவின் கணவர் காலமானார். வயது 88. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மாப்ளே என்பார். எனக்கு அரசாங்க வேலை கிடைத்த பிறகு, வேண்டுமென்றே குரலைத் தாழ்த்தி, "முசே" என்பார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் தூரத்து உறவில் ஒரு பையன். பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். கெட்ட எண்ணம் இல்லாத பிள்ளைதான். வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னான்: "ரொம்ப நல்ல மனுஷன் தாத்தா. நல்லா சிரிக்க வைப்பார். ஆனா வாழ்க்கையில பெருசா ஒண்ணும் சாதிக்கலை, இல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. பாயசம் வந்தது, குடித்தேன், எழுந்து கை கழுவினேன். ஓராண்டாக அந்தப் பையனுக்கு மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் முத்தியால்பேட்டைப் பக்கம் அவருக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. தொடக்கத்தில் எட்டு சைக்கிள்கள். நன்றாக ஓடிய காலத்தில் இருபதுக்கு மேல். எல்லாவற்றிலும் பின் மட்கார்டில் வெள்ளை பெயிண்டால் எண் எழுதியிருக்கும். பங்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, ஓவராயிலிங் எல்லாம் அவரே செய்வார். உதவிக்கு ஒரு பையன் இருப்பான். கடை வாசலில் ஒரு பலகை. அதில் மாமாவின் கையெழுத்தில், "காற்று இலவசம். பேச்சுக்கு மட்டும் காசு" என்று எழுதியிருக்கும். காற்றுக்கும் காசு வாங்கியதில்லை, பேச்சுக்கும் வாங்கியதில்லை.

கடையில் ஒரு நீள நோட்டு உண்டு. சைக்கிள் எடுத்தவர் பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம், தொகை. காசு கொடுக்க முடியாத பள்ளிக்கூடப் பையன்களும் வருவார்கள். மற்ற கடைக்காரர்கள் திரும்பி வராத பணத்தைக் காந்தி கணக்கு என்பார்கள். மாமா அதற்குக் கவர்னர் கணக்கு என்று பெயர் வைத்திருந்தார். "நம்ம ஊர்ல கவர்னர் இருக்காரு இல்ல, அவரு வந்து கட்டுவாரு" என்பார். கவர்னர்கள் மாறிய பிறகும் அந்தக் கணக்கு தொடர்ந்தது. "ஆள் மாறினாலும் பாக்கி பாக்கிதான்."

நான் கல்வே கல்லூரியில் பிரெஞ்சு மொழி வழியில் படித்தவன். பெயர்தான் கல்லூரி, உண்மையில் பள்ளிக்கூடம். புதிதாகப் பிரெஞ்சு படிக்கும் பையனுக்கு வீட்டில் எல்லாரிடமும் அதைப் பேசிக் காட்ட வேண்டும் என்று ஆசை இருக்கும். ஒருநாள் கடைக்குப் போய், "ஸா வா, மாமா?" என்றேன். நலமா என்று அர்த்தம். மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மாப்ளே, ஒண்ணு சான்னு சொல்லு, இல்லே வான்னு சொல்லு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னா நான் எதைச் செய்யறது?"

அதன் பிறகு அறுபது ஆண்டுகள், பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குள் இதுதான் வணக்கம். நான் "ஸா வா?" என்பேன். அவர் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பதில் வைத்திருப்பார். "வந்துட்டேன், இன்னொண்ணுக்கு அவசரம் இல்லை." "உங்க அக்கா ரெண்டாவதுக்கு உத்தரவு குடுக்கலை." இப்படி.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்குக் கொஞ்சம் ஊர்ச் சரித்திரம் வேண்டும். இளைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரி 1947இல் விடுதலை பெறவில்லை. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி மாற்றம் நடக்க இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று.

அந்த ஒப்பந்தத்தில் குடியுரிமை பற்றிய பகுதி ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். இல்லை, நான் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறேன் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஒரு தாள், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆன குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. கையெழுத்துப் போட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரான்சில் இருக்கிறார்கள். போடாதவர்கள் இங்கே இருக்கிறோம். எது லாபம், எது நஷ்டம் என்று திண்ணைகளில் இன்னும் கணக்குப் போடுகிறார்கள்.

மாமாவின் அண்ணன் சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு, பிறகு தெற்குப் பிரான்சில் குடியேறியவர். அவர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்: "கையெழுத்துப் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆலையில் வேலை இருக்கிறது." மாமாவுக்கு அப்போது 26 வயது. கல்யாணமாகி இரண்டு ஆண்டு. கடை ஆரம்பித்து ஓர் ஆண்டு. அக்கா முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

1963 பிப்ரவரி நடுவில் கெடு முடிகிறது. கெடுவுக்கு முந்தின நாள் மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தாளை மடித்துப் பையில் வைத்தவர் மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்டார்கள். அவர் சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் ஒரு பழமொழி ஆகிவிட்டது.

"வரிசை நீளமா இருந்துச்சு. பசிச்சுது. சாப்பிட வந்துட்டேன்."

அறுபது ஆண்டுகள் இதைச் சொல்லிச் சிரித்தோம். கல்யாண வீட்டில், காது குத்தில், தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது யாராவது ஒருவர் எடுத்துக் கொடுப்பார். மாமா எழுந்து நின்று, வரிசையில் தனக்கு முன்னால் யார் நின்றார், பின்னால் யார் நின்றார், வயிறு என்ன சத்தம் போட்டது என்று நடித்துக் காட்டுவார். ஆண்டுக்கு ஆண்டு வரிசை நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் அது கடற்கரையைத் தாண்டிப் பெரிய மார்க்கெட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

1989இல் மாமாவின் அண்ணன் குடும்பம் பிரான்சிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தது. பிள்ளைகளுக்குத் தமிழ் சரளமாக வரவில்லை. பிரெஞ்சு தெரிந்தவன் என்று என்னைத்தான் அவர்களோடு உட்கார வைத்தார்கள். எனக்கும் பெருமை. மாமா அந்தப் பக்கம் வந்தபோது அவரைக் காட்டி, "ஒரு தட்டு மீன் குழம்புக்காகப் பிரான்சை விட்டவர் இவர்தான்" என்று பிரெஞ்சில் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொன்னே என்று மாமா கேட்டார். தமிழில் சொன்னேன். அவரும் சிரித்தார்.

"மீன் கொழம்பு இல்லை மாப்ளே. அன்னைக்கு வெறும் ரசந்தான்."

அதற்கும் சிரித்தோம்.

இப்போது பதினாறாம் நாளுக்குத் திரும்புகிறேன். பந்தி முடிந்து வந்தவர்கள் போன பிறகு, வீட்டு ஆட்கள் மட்டும் கூடத்தில் இருந்தோம். யாரோ பழக்க தோஷத்தில் வரிசைக் கதையை எடுத்தார்கள். மாமா இல்லாமல் அந்தக் கதை நொண்டியது. அப்போது அக்கா சொன்னாள்.

"அவரு வரிசைக்கே போகலை."

எல்லாரும் திரும்பினோம். அக்காவுக்கு இப்போது 83. மெதுவாகத்தான் பேசுவாள்.

"பொறப்பட்டாரு. அப்பாகிட்ட சொல்லிட்டுப் போலாம்னு உள்ளே போனாரு. அப்பா அவரு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. விடலை. மத்தியானம் வரைக்கும் விடலை."

எங்கள் அப்பா 1962இல் பக்கவாதம் வந்து படுத்தவர். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் அசையும். அந்த இடது கையால் பிடித்திருக்கிறார். அப்போது வீட்டில் இருந்தவர்கள் அம்மா, பதினோரு வயதில் நான், எனக்குக் கீழே இரண்டு தங்கைகள், வயிற்றுப் பிள்ளையோடு அக்கா. அப்பாவின் சம்பளம் நின்றுபோயிருந்தது. வீட்டில் வெறும் ரசம் வைத்ததற்கு அதுதான் காரணம்.

"மறுநாள் போலாமேன்னு நான் கேட்டேன்" என்றாள் அக்கா. "ஒரு நாள் இருந்துச்சே. 'நாளைக்கும் பசிக்கும்'னாரு. அவ்வளவுதான். தாளைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டாரு."

அப்பா 1964இல் இறந்தார். அதன் பிறகு எங்களை வளர்த்தவர் மாமாதான். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் செய்து வைத்தார். நான் பிரெவே முடித்து வெளியே வந்தபோது ஊரில் பிரெஞ்சுக்கு மதிப்பு குறைந்திருந்தது. அலுவலகக் கோப்புகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. எனக்கோ ஆங்கிலத்தில் ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுத வராது. மாமா என்னை டைப்ரைட்டிங் வகுப்பிலும் ஓர் ஆங்கில ஆசிரியரிடமும் சேர்த்துவிட்டார். இந்த வயதில் புது மொழியா என்று நான் அழாத குறை. "இங்கிலீஷ் நம்ம வாடகை சைக்கிள் மாதிரி மாப்ளே. சொந்தமா வெச்சுக்க வேணாம். விழாம ஓட்டிட்டுத் திருப்பி விட்டா போதும்" என்றார். 1971இல் எல்.டி.சி. ஆனேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த வாடகை சைக்கிளை ஓட்டிவிட்டு 2009இல் திருப்பி விட்டேன்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். அக்கா புருஷன் ஒத்தாசை செய்தார் என்ற அளவில் தெரியும். அவர் ஒரு தேசத்தையே விட்டுவிட்டுத்தான் அதைச் செய்தார் என்பது தெரியாது. ஏனென்றால் அந்த இடத்தில் அவர் ஒரு வேடிக்கைக் கதையை வைத்து மூடியிருந்தார். நானும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு 1989இல் பிரெஞ்சில் வேறு சொல்லிச் சிரித்தேன்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அக்காவைக் கேட்டேன். "நீ படிக்கிற பையன். தெரிஞ்சா தலையைத் தொங்கப் போட்டுக்குவேன்னு சொன்னாரு. நம்ம வீட்டுல சாப்பிடறவன் நிமிர்ந்து உக்காந்து சாப்பிடணும்னாரு."

என் கருத்தை இங்கேதான் சொல்ல வேண்டும்.

வேடிக்கை பேசும் குடும்பத் தலைவர்களை நாம் லேசாக எடைபோடுகிறோம். சிரிக்கச் சிரிக்கப் பேசுபவருக்குக் கவலை கிடையாது, பொறுப்பு கிடையாது என்று எண்ணுகிறோம். கடுகடுவென்று இருக்கும் அப்பாவைத்தான் தியாகி என்கிறோம். அவர் உங்களுக்காக என்ன செய்தார் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் வாரத்துக்கு ஒருமுறை அவரே சொல்லிக் காட்டுவார். நான் அரசாங்கத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் வேதம். குடும்பத்திலும் பலர் அப்படித்தான் நடக்கிறார்கள். ஒவ்வொரு உதவிக்கும் ஒரு ரசீது எழுதி, நம்மிடம் கையெழுத்து வாங்கி, பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். நேரம் வரும்போது எடுத்து நீட்டுகிறார்கள்.

மாமா ரசீது எழுதவில்லை. ரசீதுக்குப் பதில் ஒரு சிரிப்பைக் கொடுத்தார். கொடுத்தவருக்குக் கௌரவம் வேண்டாம், வாங்கியவருக்கு வெட்கம் வேண்டாம் என்று நினைக்கிறவருக்கு, நான் பார்த்தவரை, ஹாஸ்யத்தைவிட நல்ல வழி கிடையாது. தானே கேலிப் பொருளாக நின்று, நம்மைக் கடன்காரர்கள் ஆகாமல் காப்பாற்றினார். இதைச் சாதனை என்று எந்தப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார்கள். நான் சேர்க்கிறேன்.

ஆனால் நியாயமாக எழுத வேண்டும் என்றால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாமா குறையில்லாத மனிதர் அல்ல.

பணத்தில் சாமர்த்தியம் போதாது. 1980இல் டி.வி.எஸ். 50 வந்து, ஆளுக்கு ஒரு மொபெட் வாங்க ஆரம்பித்தபோது வாடகை சைக்கிள் தொழில் சாயும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கடையை விற்றுவிட்டு வேறு தொழில் பாருங்கள் என்று நானே சொன்னேன். "மொபெட்டுக்கும் பங்சர் ஆகும் இல்ல?" என்று சிரித்து ஒதுக்கினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கஷ்டப்பட்டார்கள். பிறகு வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் சைக்கிள் கேட்டு வர ஆரம்பித்ததால் ஏதோ தப்பித்தார். அது அதிர்ஷ்டம், திட்டம் அல்ல. டாக்டரிடமும் போக மாட்டார். காலில் புண் வந்து இரண்டு மாதம் மறைத்தார். "ட்யூப்ல சின்ன ஓட்டை, பேட்ச் போட்டுக்கலாம்" என்பார். அக்கா சண்டை போட்டு அழைத்துப் போனாள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம் அவருடைய மூத்த மகன்.

1963 ஜூனில் பிறந்தவன். கெடு தவறி நான்கு மாதம் கழித்து. பி.காம். படித்துவிட்டு உள்ளூரில் வேலை கிடைக்காமல் 1988இல் மஸ்கட்டுக்குப் போனான். இருபது ஆண்டுகள் மனைவி மக்களை விட்டு அங்கே தனியாக இருந்தான். அதே வயதுடைய பெரியப்பா மகன் பிரான்சில் குடும்பத்தோடு இருந்தான். அங்கே அவனுக்கு வேலை போனாலும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இவனுக்கு விசா முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும். ஒருமுறை விடுப்பில் வந்தபோது, வரிசைக் கதை ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், "உங்களுக்கு ஒரு வேளை பசிச்சதுக்கு நான் இருபது வருஷம் பட்டினி கிடக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். கூடம் அமைதியானது. மாமா அன்றைக்கும் உண்மையைச் சொல்லவில்லை. "அவன் சொல்றதும் சரிதான். நான் கைல ரெண்டு பிஸ்கட் எடுத்துட்டுப் போயிருக்கணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அப்பாகிட்ட ஒரு விஷயத்தைக்கூட நின்று பேச முடியாது மாமா என்று அவன் என்னிடம் பல முறை வருத்தப்பட்டிருக்கிறான். அது உண்மைதான். சிரிப்பு ஒரு கதவு மாதிரி. எல்லாரையும் உள்ளே விடும் என்று நினைக்கிறோம். சில நேரம் அதையே சாத்தியும் வைத்துவிடுவார்கள்.

பதினாறாம் நாள் அக்கா பேசியபோது அவனும் கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அறுபது தாண்டிவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அம்மா" என்றான்.

அக்கா என்னைக் காட்டினாள். "சொல்லியிருந்தா நீ மாமாவைப் பாத்து மொறைச்சிருப்பே. சித்திங்களைப் பாத்து மொறைச்சிருப்பே. இவங்களாலதான்னு நெனச்சிருப்பே."

அவன் பதில் சொல்லவில்லை. நானும்தான். நினைத்துப் பார்த்தால், மகனின் கோபம் எங்கள் பக்கம் திரும்பக் கூடாது என்று அதைத் தன் பக்கமே வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒரு தகப்பனுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அது சரியா? நான் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என்னிடம் மறைத்தது சரி. பதினோரு வயதுப் பையனுக்கு அந்தச் சுமை வேண்டாம். ஆனால் மகனிடம் கடைசிவரை மறைத்தது சரியல்ல. அவனுடைய வாழ்க்கையையும் சேர்த்துத்தான் அன்று மாமா முடிவு செய்தார். ஏன் அப்படி முடிவு செய்தார் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமை உண்டு. அப்பா சோம்பேறித்தனத்தால் என் வாழ்க்கையைக் கெடுத்தார் என்று ஒருவன் முப்பது ஆண்டு நினைத்திருப்பதும், அப்பா ஒரு நோயாளியின் கையை உதறவில்லை என்று தெரிந்திருப்பதும் ஒன்றல்ல. வசதி கூடியிருக்காதுதான். ஆனால் மனத்தில் அப்பா வேறு ஆளாக இருந்திருப்பார். அப்பா உயிரோடு இருக்கும்போதே அவன் ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

இதை மாமா மேல் குற்றமாக மட்டும் சொல்லவில்லை. கேட்காத எங்கள் மேலும் குற்றம் உண்டு. அறுபது ஆண்டுகளில் எங்களில் ஒருவராவது, "மாமா, வேடிக்கை இருக்கட்டும், உண்மையில் என்ன நடந்தது?" என்று தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கலாம். காலையில் ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்கு மூடியவர், காய்ச்சலில்கூட விடுமுறை எடுக்காதவர், ஒரு வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டுத் திரும்பி வருவாரா? ஒரு குமாஸ்தா என்ற முறையில் எனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கணக்கு இடித்தது. கதை நன்றாக இருந்ததால் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அவர் இறந்தபோது தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வைத்தார்கள். பேரன் ஏற்பாடு. மாமாவின் படத்துக்குப் பின்னால் வானம், புறா, மேகம். "பாசத்தின் சிகரம், பண்பின் இமயம்" என்று எழுதியிருந்தது. பக்கத்துத் தெருவில் அதே வாரம் இறந்த இன்னொருவருக்கும் அதே வரிதான், அதே புறாதான். மாமா பார்த்திருந்தால், "மாப்ளே, புறா வாடகையா, சொந்தமா?" என்று கேட்டிருப்பார்.

பதாகையைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் யாருக்கு என்ன தோன்றும்? ஆனால் ஒருவரை இமயம் என்று சொல்வதற்குப் பதில், அவர் சொன்ன ஒரு வேடிக்கையையும் செய்த ஒரு காரியத்தையும் எழுதினால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. "காற்று இலவசம்" என்று எழுதியிருந்தால் தெருவில் போகிற ஐம்பது வயதுக்காரர்கள் அத்தனை பேரும் நின்று கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் சைக்கிள் கற்றுக்கொண்டதே கவர்னர் கணக்கில்தான்.

பெங்களூர்ப் பையனுக்கு என் பதில் இதுதான். தம்பி, சாதனை என்பது போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் வைத்து அளக்கப்படுவது அல்ல. போகக்கூடிய இடம் திறந்திருந்தும், ஒரு கை பிடித்துக்கொண்டது என்பதற்காகப் போகாமல் இருந்ததும், அப்படி இருந்ததைக் காலமெல்லாம் யாருக்கும் சொல்லிக் காட்டாமல் இருந்ததும் சாதனைதான். உன் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். ரொம்ப வேடிக்கையாகப் பேசுகிறவராகப் பார்த்துத் தேடு. அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று இருக்கும். அதைச் சிரித்துவிட்டு விடாதே. எல்லாரும் தூங்கப் போன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையில் என்ன நடந்தது என்று கேள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. கேட்டாய் என்பது அவருக்குத் தெரியட்டும்.

வயதான ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வேடிக்கையை விடாதீர்கள். ஆனால் யாராவது ஒரு பிள்ளையிடம் உண்மையையும் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். நாம் மறைத்ததற்கான விலையை நமக்குப் பின்னால் வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கடைசியாக மாமாவைப் பார்த்தது இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. வீட்டில்தான் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. நான் காதருகில் குனிந்து, வழக்கப்படி, "ஸா வா, மாமா?" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இப்ப தெளிவா சொல்றே, மாப்ளே."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மாமாவின் உதடும் கொஞ்சம் கோணியது. அவர் கை என் கையில் இருந்தது. அப்போது எனக்கு அப்பாவின் கதை தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கடையின் பழைய நோட்டுகளைத் தேடினேன். 1960களின் நோட்டுகளில், கவர்னர் கணக்கில், எங்கேயாவது என் டைப்ரைட்டிங் வகுப்புக் கட்டணம் எழுதியிருக்கிறதா என்று பார்க்க ஆசை. மாமா எப்போதோ எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டாராம். அதனால்தான் இதை நானே எழுதி வைக்கிறேன்.